ஏழு பேருக்கு என் போன் நம்பர்

சசி,

உன் அப்பாவின் பேங்க் கணக்கை யாரும் ஹேக் செய்யவில்லை. போன செவ்வாய்க்கிழமை, இந்தக் கணக்கின் தொலைபேசி எண் மாற்றப்பட்டது என்று உன் போனுக்குச் செய்தி வந்ததும் பதறிப்போய்க் கூப்பிட்டாயே, "அப்பா, எவனோ உள்ள பூந்துட்டான், உடனே பேங்க்குக்கு ஓடுங்க" என்று, அப்போது நான் சிரம்பானில் பேங்க்குக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே புகுந்தவன் நானேதான். தன் சொந்தக் கணக்குக்குள் ஒருவன் அறுபத்து நான்கு வயதில் நுழைவதற்கு இத்தனை மணி அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. "நான்தான்லா மாத்தினேன்" என்று சொன்னேன். நீ, "அப்படின்னா எம்மேல நம்பிக்கை இல்ல, அதானே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். ஆறு நாளாகிறது. அம்மாவோடு பேசுகிறாய், என்னைப் பற்றி அவளிடம் விசாரிக்கிறாய், என்னை மட்டும் கூப்பிடுவதில்லை. வரும் சனிக்கிழமை கத்தாருக்கு விமானம் ஏறப்போகிறாய். இரண்டு வருடக் கான்ட்ராக்ட். இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நீ போகக்கூடாது.

போனில் சொல்லலாம் என்றால் நீ கத்துவாய், நான் அதைவிடக் கத்துவேன், நடுவில் உன் அம்மா போனைப் பிடுங்கி "சாப்டியா தம்பி" என்பாள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பியது உனக்குத் தெரியும். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்த கணக்கு வாத்தியார், "இது ஒன் மார்க்கா, ஒன் வயசா?" என்று கேட்டார். அப்படிப்பட்டவன்தான் ஞாயிறுதோறும் தோட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, போனில் பணத்தை எப்படிப் பாதுகாப்பது என்று பாடம் நடத்துகிறான். நன்றாகச் சிரித்துக்கொள். சிரித்து முடித்துவிட்டுக் கடைசிவரை படி. இதில் மறைக்க ஒன்றுமில்லை, கத்தாரில் உன்னோடு தங்கப்போகிறவர்களுக்கும் படித்துக் காட்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வெளிநாட்டு ஆட்களின் லைன் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தோட்டத்தில் எனக்குக் கொடுத்தார்கள். குழாய் ஒழுகினால் நான், பல்பு போனால் நான், காய்ச்சல் என்றால் லுக்குட் கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறவனும் நான். நம் ஆட்களெல்லாம் எப்போதோ டவுனுக்குப் போய்விட்டார்கள். மலேசியாவில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இப்போது வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த சில பேர். இவர்களுக்குச் சம்பளத்தைக் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு பேங்க்கில் போடுவதென்று நிர்வாகம் முடிவுசெய்தபோது, பேங்க்கின் விண்ணப்பப் பாரங்களை நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதிவிட்டேன். தொலைபேசி எண் என்ற கட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குத் திரும்புகிறவன் தன் சிம் கார்டைப் புதிதாக வந்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். கட்டில், ரைஸ் குக்கர், மழைக்கோட்டு கைமாறுவதுபோல அதுவும் கைமாறும். புதிதாக வந்தவனின் பாஸ்போர்ட் பெர்மிட் வேலைக்காகப் பல மாதம் ஏஜெண்டிடம் கிடக்கும். பாஸ்போர்ட் இல்லாமல் கடையில் புது சிம் தரமாட்டார்கள். அதனால் போனவன் பெயரில் உள்ள எண்ணில் வந்தவன் பேசிக்கொண்டிருப்பான். அந்தப் போனவனின் பதிவு காலாவதியாகிற அன்று எண்ணும் செத்துவிடும். இதை நான் கவனித்திருந்தேன், அந்த அளவுக்கு எனக்கு மூளை உண்டு. அதற்குமேல் இல்லை என்பதைத்தான் அடுத்து செய்த காரியம் காட்டியது. சாகப்போகிற எண்ணை எழுதுவானேன் என்று யோசித்து, அப்படிப்பட்ட ஏழு பேரின் பாரத்திலும் என்னுடைய போன் நம்பரை எழுதினேன். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க கெட்டிக்காரன்லா" என்றார். நானும் ஆமாம் என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு அந்த ஏழு பேரும் பணம் அனுப்ப வேண்டுமென்றால் பேங்க் அனுப்பும் ஆறு இலக்க எண் என் போனுக்கு வரும். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். "அண்ணே, நம்பர் வந்துச்சா?" "பாக் சிக், நொம்போர் சுடா டத்தாங்?" மலாயிலும் அதே கேள்விதான். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மந்திரம் சொல்லுவதுபோல ஒவ்வோர் எண்ணாகப் படிப்பேன். சில பேருக்கு அதையும் அழுத்தத் தெரியாது, போனையே என் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர்களின் பாஸ்வேர்டையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒருவர் வாழைப்பழச் சீப்பு கொண்டுவருவார், ஒருவர் பிஸ்கட் டின். மண்டோராக இருந்தபோது முதுகுக்குப் பின்னால் என்னைத் திட்டாத ஆள் கிடையாது. ஓய்வு பெற்றபின் ஏழு பேர் என்னைத் தெய்வம்போல நடத்தினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, சசி. இந்தக் கடிதத்திலேயே சொல்லக் கஷ்டமான வாக்கியம் இதுதான். உதவி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர்களில் ஒருவர், "எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே, நானே அமுக்கிக்கிறேன்" என்று கேட்டபோது, "ஒனக்கு எதுக்கு அந்தத் தலவலி, நான் இருக்கேன்ல" என்று தட்டிவிட்டேன்.

அப்படிக் கேட்டவர் கருப்பையா. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிற வயது, குலை வெட்டுவதில் தோட்டத்திலேயே சுத்தமான கை. நீ போன தீபாவளிக்கு வந்தபோது உன் கார் டயரை மாற்றிக் கொடுத்தாரே, அவரேதான். ஊரில் அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரித்ததில் இவர் பங்குக்கு வந்த நிலத்தில் தண்ணீர் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடுவதற்காக இரண்டு வருடம் சேர்த்துக்கொண்டிருந்தார். மாதாமாதம் அனுப்பினால் வீட்டில் செலவாகிவிடும் என்று இங்கேயே கணக்கில் விட்டு வைத்திருந்தார். பத்திரமாக இருக்கும் என்று அந்த யோசனையைச் சொன்னவனும் நான்தான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. பெண் குரல், நல்ல தமிழ். "வணக்கம் அங்கிள், பேங்க்லேந்து பேசறேன். உங்க நம்பர்ல வெளிநாட்டுத் தொழிலாளி ஒருத்தரோட அக்கவுண்ட் இருக்குங்களா?" எந்தத் திருடனுக்கும் இத்தனை சுலபமாக யாரும் கதவைத் திறந்திருக்கமாட்டார்கள். "ஒன்னு இல்லம்மா, ஏழு!" என்றேன், பெருமையாக. அந்தப் பெண்ணுக்கே மூச்சு நின்றிருக்கும். "ஏழு பேருக்கா! நீங்க அவங்களுக்கெல்லாம் அப்பா மாதிரி போலிருக்கே அங்கிள்." அந்த ஒரு வார்த்தையில் நான் பாகாய் உருகிவிட்டேன். கணினியில் ஏதோ மாற்றம் செய்கிறார்களாம், இன்று சரிபார்க்காவிட்டால் சம்பள நாளில் ஏழு கணக்கும் முடங்கிவிடுமாம். எதில் அதிகம் பணம் இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். நான் எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்தேன். கருப்பையாவின் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஆறு இலக்க எண் வந்தது. அதையும் படித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெதுவாக, அவள் தப்பாக எழுதிக்கொள்ளக்கூடாதே என்று இரண்டு முறை படித்தேன்.

"அடுத்தவங்களுக்கு நாளைக்குக் கூப்பிடறேன் அங்கிள்" என்று வைத்துவிட்டாள். உன் அம்மா அப்போதுதான் லுக்குட் பசாரிலிருந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பையைக் கீழே வைக்கவில்லை அவள். "என்னாங்க, மண்ட கழண்டுருச்சா ஒங்களுக்கு? பேங்க்காரன் எதுக்கு நம்ம நம்பர நம்மகிட்டயே கேக்கப்போறான்?" பேங்க்கைக் கூப்பிட்டு மற்ற கணக்குகளை உடனே நிறுத்தவைத்தோம். கருப்பையாவின் கணக்கிலிருந்து நாலாயிரத்து இருநூறு ரிங்கிட் போயிருந்தது. பதினெட்டு ரிங்கிட் மிச்சம் இருந்தது.

செம்பனைக் காட்டிலிருந்து கருப்பையா திரும்பி வரும் வரை லைன் வாசலில் நின்றேன். அரிவாள் கம்பைத் தோளில் வைத்தபடியே கேட்டார். நான் சொல்லி முடித்ததும், "எல்லாமாண்ணே?" என்றார். "எல்லாம்." கம்பைச் சுவரில் சாத்திவிட்டுத் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "அன்னிக்கே சொல்லிக் குடுங்கன்னு கேட்டேன்" என்றார். அடித்திருந்தால் தேவலை. மறுநாள் போலீஸில் புகார் கொடுத்தோம், பேங்க்கில் எழுதிக் கொடுத்தோம். பணம் வேறு எவனுடைய கணக்குக்கோ போய் அங்கிருந்தும் போய்விட்டது என்றார்கள். ரகசிய எண்ணை நீங்களே சொன்னதால் எங்களால் எதுவும் செய்வது கடினம் என்று ஓர் அதிகாரி பணிவாகச் சொன்னார். பணிவாகச் சொன்னதால் இன்னும் நன்றாக உறைத்தது.

அன்று ராத்திரி எனக்கு என் அப்பாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. பழைய ரப்பர் தோட்டத்தில் கிராணி காட்டுகிற இடத்தில் அவர் மை தொட்டு விரலை வைப்பார். என்ன காகிதம் என்று கேட்டதில்லை. கிராணி நல்ல மனிதர், எங்கள் சேமிப்புப் புத்தகங்களையெல்லாம் தன் மேசை டிராயரில் பத்திரமாக வைத்துப் பூட்டியிருந்தார். அவர் லீவில் போனால் எங்களுக்குப் பணம் கிடையாது. அப்பாவிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன்: "நம்ம பொஸ்தகம் அவர்ட்ட எதுக்கு?" என்று. அதே டிராயரை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் ஏழு பேரைக் காக்கவைத்திருக்கிறேன். கிராணியாவது யாரிடமும் சாவியைப் படித்துக் காட்டவில்லை.

அடுத்த நாளே உன்னைக் கூப்பிட்டேன். கருப்பையாவின் பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன், என் சேமிப்பிலிருந்து அனுப்பு என்றேன். ஓய்வுப் பணம் வந்தபோது, "அப்பா, நீங்க எதையாச்சும் அமுக்கிருவீங்க, நான் பாத்துக்கறேன்" என்று அந்தக் கணக்கை உன் போனில் போட்டுக்கொண்டாயே, அதிலிருந்து. நீ மறுத்தாய். "இது ஒங்க தப்பு இல்லப்பா. ஏமாத்தினவன் வேற. ஒங்களுக்கும் அம்மாவுக்கும் நாளைக்கு ஒடம்புக்கு ஒன்னுன்னா இந்தக் காசுதான். நான் ஜோகூர்ல இருக்கேன், அடுத்து எங்க இருப்பேனோ." நீ சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாய். ஆனால் மகனே, போனை வைத்தபின் நான் எங்கே நின்றேன் தெரியுமா? கருப்பையா நின்ற இடத்தில். பணம் என்னுடையது, உழைப்பு என்னுடையது, எண் மட்டும் இன்னொருவர் போனுக்குப் போகிறது. அவர் நல்லவர், என்மேல் பிரியமுள்ளவர், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை. உனக்கு எட்டு வயதிருக்கும், தீபாவளிக்கு வீடுவீடாகப் போய்ப் பணப் பாக்கெட் வாங்கி வந்தாய். எல்லாவற்றையும் பிரித்து, நோட்டுகளை நீவி அடுக்கி, சைக்கிள் வாங்கப்போகிறேன் என்றாய். "அப்பாகிட்ட குடு, பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கினேன். அந்த மாதமே என் மோட்டாருக்கு இன்ஜின் வேலை வந்தது. நீ கேட்கும்போதெல்லாம் "பத்திரமா இருக்கு" என்றேன். கொஞ்ச நாளில் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். உனக்கு முதல் சம்பளம் வந்த மாதம், "என் காசுல நான் மொதல்ல சைக்கிள் வாங்கப்போறேன்பா" என்று சொல்லிச் சிரித்தாயே, அன்றுதான் மறக்கவில்லை என்று தெரிந்தது. பத்திரமாக வைக்கிறேன் என்று பிள்ளையிடம் வாங்கிய கை இது. இதை எழுதும்போதும் அந்தக் கைதான் எழுதுகிறது.

பணத்தைக் கொடுக்க முடியவில்லை. பாடத்தையாவது கொடுக்கலாம் என்று வகுப்பை ஆரம்பித்தேன். வேலைக்குப் பெயர் கூப்பிடும் கொட்டகையில், ஞாயிறு காலை பத்து மணிக்கு. முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். பேங்க் கவுண்டரில் கிடைத்த ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மலாயில் பேசினேன். முடிவில் ரஃபீக் கையைத் தூக்கினார். வங்காளதேசத்துக்காரர்களை நாம் அலட்சியமாகப் 'பங்களா' என்போமே, அவர்களில் ஒருவர்; நாற்பது வயது, தன் ஊரில் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் வேலை பார்த்தவராம். "பாக் சிக், பேசியது போதும். போனை எடுக்கலாமா?" என்றார். இரண்டாம் வாரம் ஒன்பது பேர்தான் வந்தார்கள். ஒருவருக்குத் தடுமாற்றம் வந்தால் என் கை தானாக நீண்டு போனை வாங்கிவிடும், "இப்படி, இப்படி, முடிஞ்சிருச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவர் சிரிப்பார், நான் சிரிப்பேன், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

உன் அம்மாதான் வகுப்பைக் காப்பாற்றினாள். லுக்குட் பசாரில் நாசி லெமாக் சோறு விற்கிற அவள் மூன்று வருடமாக கியூஆர் அட்டை தொங்கவிட்டிருக்கிறாள். அவளுடைய ரகசிய எண் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்கு?" என்றாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளிடமிருந்து இப்படி ஒரு பதிலா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மூன்றாம் வாரம் அவளை அழைத்துப் போனேன். பத்து நிமிடம் பார்த்தாள். "நீங்க கையப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க. யாரு போனயும் தொட்டா வீட்ல சோறு கெடையாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். கொட்டகையே சிரித்தது. கருப்பையாகூடச் சிரித்தார், அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவை.

ஒரு வெள்ளியை, ஒரே ஒரு ரிங்கிட்டை, சுற்றில் விடுவது என்பதும் அவள் யோசனைதான். அவள் ரஃபீக்குக்கு ஒரு வெள்ளி அனுப்புவாள். அவர் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு. அனுப்புமுன் திரையில் வருகிற பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர் அதன் வடிவத்தைத் தன் கையில் எழுதி வைத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வந்துவிட்டது என்று சொன்னால் போதாது, கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். ரஃபீக் தனக்கு வந்ததும் "சுடா மாசோக்!" என்று கத்துவார், வந்துவிட்டது என்று. முதல் நாள் அந்த ஒரு வெள்ளி ஒன்பது பேரைச் சுற்ற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நடுவில் ஒரு தரம் தப்பான பெயருக்குப் போய் எவனோ முன்பின் தெரியாதவன் பணக்காரனானான். இப்போது இருபத்து மூன்று பேர், பதினைந்து நிமிடம். நடுவில் அம்மா தன் இன்னொரு போனிலிருந்து பொய்ச் செய்தி அனுப்புவாள், "லெவி வரிப் பணம் திரும்பக் கிடைக்கும், இங்கே அழுத்தவும்" என்று. அழுத்துகிறவர் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தரவேண்டும். இதுவரை அதிகம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தவன் யார் என்று நீ கேட்காதே.

ஆனால் ஏழு பேரின் எண்ணை மாற்றுவது இப்படி விளையாட்டாக நடக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஏஜெண்டிடமிருந்து பாஸ்போர்ட் வாங்கவேண்டும், அவர் பெயரிலேயே சிம் எடுக்கவேண்டும், பேங்க்குக்குப் போகவேண்டும். ஏஜெண்ட் இன்று வா நாளை வா என்றான். நாலு தரம் போனேன். ஐந்தாம் தரம் அவன் கடை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எனக்கு வேற வேல இல்லப்பா, ரிட்டையர் ஆளு" என்றேன். மத்தியானத்துக்குள் ஏழு பாஸ்போர்ட்டும் வந்தன. ஏழாவது ஆளின் எண் மாறிய அன்று வகுப்பில் அறிவித்தேன்: இனி என் போனில் யாருடைய கணக்கும் இல்லை, இனி உங்கள் எண் உங்களிடம், வேறு யாரிடமும் இருக்கக்கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். கைதட்டினார்கள். நான் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கும்போது கருப்பையா கேட்டார், "அண்ணே, ஒங்க அக்கவுண்ட்டு நம்பரு யார்ட்ட இருக்கு?"

"எம் மகன்கிட்ட."

"தம்பி நல்ல பிள்ள" என்றார் அவர். அவ்வளவுதான். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே உன்னைப் பாராட்டித்தான் சொன்னார். ஆனால் இருபத்து மூன்று பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிப்பை அடக்குவதற்கு.

அதற்கு அடுத்த செவ்வாய்தான் சிரம்பான். கருப்பையாவுக்கு பெர்மிட் முடிகிறது, இந்த வியாழக்கிழமை ஊருக்குப் போகிறார். இனிமேல் வரமாட்டார். அதற்குள் என் பணத்தை நானே எடுத்து நானே கொடுக்கவேண்டும்; உன்னிடம் மறுபடி கேட்டு, நீ மனமிரங்கி அனுப்புவது எனக்கு வேண்டாம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு உன்னைவிடச் சின்ன வயது. "அங்கிள், மகன் நம்பர எதுக்கு மாத்தறீங்க? பிரச்சனையா?" என்று மெதுவாகக் கேட்டாள். "பிரச்சனை ஒன்னும் இல்லம்மா. எனக்கு வயசு வந்துருச்சு" என்றேன். பெருவிரலை வைக்கச் சொன்னாள், வைத்தேன்; எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். புதுப் போனில் முதல்முறை என்பதால் அரைநாள் காத்திருந்த பிறகுதான் பணம் அனுப்ப முடியும் என்றாள். அந்த அரைநாள் அன்றைக்குக் கருப்பையாவின் கணக்குக்கு இருந்திருந்தால், என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். பாஸ்வேர்டை நானே யோசித்து வைத்தேன். இரண்டு தரம் மறந்து, மூன்றாவது தரம் நிலைத்திருக்கிறது. உன்னிடம் சொல்லமாட்டேன். அம்மாவிடமும் சொல்லமாட்டேன், அவள் கேட்கவும் இல்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்கு என்பதற்குப் பேங்க்கில் பாரம் இருக்கிறது. உன் பெயரையும் அம்மாவின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கு வழி இருக்கும்போது, உயிரோடு இருக்கிறவனின் சாவியை நீ சுமக்கவேண்டாம்.

உன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டாய். இருக்கிறது. ஏழு பேருக்கு என்மேல் இருந்த நம்பிக்கையைவிட அதிகமாகவே இருக்கிறது. அதனால்தான் மாற்றினேன். அவர்கள் என்னை நம்பாமல் இருந்திருந்தால் கருப்பையா அந்த எண்ணை என்றைக்கோ தன் கைக்கு மாற்றியிருப்பார். நீ கத்தாரில் இருக்கும்போது உன்னை எவனோ நல்ல தமிழில் கூப்பிட்டு, "சார், உங்க அப்பா கணக்குல பிரச்சனை" என்று பதறவைத்தால், என்மேல் உள்ள பிரியத்தில் நீயும் இரண்டு முறை படித்துக் காட்டுவாய். நீ என் பிள்ளை, அந்தக் குணம் எங்கே போகும்?

இன்னொன்றும் சொல்கிறேன். இத்தனை நாள் இவர்களை 'வெளிநாட்டு ஆட்கள்' என்று சொல்லி வந்தோம். சனிக்கிழமை இரவு முதல் நீயும் வெளிநாட்டு ஆள். உன் பாஸ்போர்ட்டை யாராவது பத்திரமாக வைக்கிறேன் என்று கேட்டால், அது உன்னிடமே பத்திரமாக இருக்கும் என்று சொல். அங்கே வாங்கும் சிம் உன் பெயரிலேயே இருக்கட்டும். வேலை முடிந்து திரும்பும்போது, நீ போகிறவன்தானே, பேங்க் கார்டைக் கொடுத்துவிட்டுப் போ, முந்நூறு தருகிறேன் என்று ஒருவன் வருவான். கருப்பையாவிடம் போன வாரம் அப்படி ஒருவன் வந்தான். உன் பெயரில் உள்ள அந்தக் கணக்கில் அவன் யாருடைய கிணற்றுப் பணத்தைப் போட்டு எடுப்பானோ உனக்குத் தெரியாது. கணக்கை மூடிவிட்டு வா. அப்புறம், நீ டிப்ளமா படித்தவன், ஆங்கிலம் தெரிந்தவன். உன் கேம்ப்பில் ஞாயிறோ வெள்ளியோ லீவு நாளில் உன் அறை வாசலில் செருப்புகள் வரிசையாகச் சேரும். போன்களை நீட்டுவார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கும். வாங்காதே. பக்கத்தில் உட்கார், எவ்வளவு நேரம் பிடித்தாலும் அவர்கள் விரலே அழுத்தட்டும். உனக்குப் பொறுமை போய்விட்டால் உன் அம்மா சொன்னபடி நின்றுகொள்.

நேற்று ஞாயிறு. வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் கருப்பையாவை இருக்கச் சொன்னேன். கொட்டகை பெஞ்சில் எதிரெதிராக உட்கார்ந்தோம். போனை எடுத்து, என் கணக்கைத் திறந்து, அவருடைய எண்ணைப் போட்டேன். அவர் பெயர் வந்தது. சத்தமாகப் படித்தேன். அவர் தலையாட்டினார். நாலாயிரத்து இருநூறு என்று எழுதும்போது ஒரு சைபரை அதிகமாகப் போட்டுவிட்டேன். "அண்ணே, கிணறு போதும், ஆறு வேணாம்" என்றார். அழித்துச் சரியாக எழுதி அழுத்தினேன்.

அவர் போன் சத்தம் கொடுத்தது. நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், இந்த வயதிலும் அந்த ஆசை போகவில்லை. அவர் போனை எடுத்துச் செய்தியை ஒருமுறை பார்த்தார். பெயரைப் பார்த்தார். செய்தியை மட்டும் நம்பக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம் அல்லவா, கணக்கையே திறந்து பார்க்க ஆயத்தமானார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார்:

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. நான் பின் நம்பர் போடணும்."

நான் பெஞ்சில் அப்படியே திரும்பி, கொட்டகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவர். எனக்கு வந்த சிரிப்பை அவர் பார்க்கவில்லை. பின்னால் நாலு தடவை டிக் டிக் என்று சத்தம் கேட்டது. எந்த எண் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "இருக்குண்ணே. சரியா இருக்கு" என்றார்.

சனிக்கிழமை உன்னை வழியனுப்ப விமான நிலையத்துக்கு நானும் அம்மாவும் வருகிறோம். கோபம் இருந்தால் அங்கேயே திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அப்படியே போனில் ஏதாவது அழுத்த வேண்டியிருந்தால், என்னையும் திரும்பச் சொல்.

உன் அப்பா